கூரைத் தட்டுக்கு மேல் வைத்த பூஸ்டர்

ஓப்பநாயக்க,
ஞாயிறு காலை.

மகள் ஷாமிளாவுக்கு அப்பா எழுதுவது,

மூன்று மாதம் முன்பு அம்மாவுக்கு மூளையில் இரத்தக்குழாய் அடைத்த அன்று, தலையில் மாட்டி அடைப்பைப் பார்க்க நீ செய்த மிஷின் அதைக் காட்டவில்லை. காட்டவிடாமல் செய்தவன் நான். எனக்கே நேற்றுத்தான் தெரியவந்தது.

மிஷினை இயக்கும் நர்ஸ் சுமித்ரா, நீ பல்கலைக்கழகத்திலிருந்து அனுப்பிய அலைக் கோடுகளை போனில் காட்டினாள். தலைக்குள் போகும் அலை மெல்லியது, திரும்பி வருவது அதைவிட மெல்லியது, வெளியலை புகுந்தால் அடைப்பின் அடையாளம் அதில் அமிழ்ந்துவிடும் என்றாள். அம்மாவின் படத்தில் ஓரிடத்தில் முள் மாதிரி ஒன்று நிற்கிறது, அதுதான் வெளியலையாம். "போன், ரவுட்டர் எல்லாம் நான்தானே நிப்பாட்டுனேன். வேற என்னதான் ஒளிச்சு வச்சிருக்கீங்க மொதலாளி?" என்று கேட்டாள். நான் கையை உயர்த்திக் கூரைத் தட்டைக் காட்டினேன்.

இங்கே சிக்னல் கிடைக்காதது உனக்குத் தெரியும். பேருவளை வியாபாரி ஹில்மி மாணிக்கக் கல் விலை கேட்டு எடுக்கிற போன் கோல் தவறினால் கல் கைமாறிவிடும். அதனால் போன வருடம் சிக்னலைக் கூட்டித் தருகிற, லைசன்ஸ் இல்லாத பூஸ்டர் ஒன்றை வாங்கிக் கூரைத் தட்டுக்கு மேல் பொருத்தினேன். பக்கத்துக் கடை முக்தார் அறிந்தால் அவனும் அதிலேயே பேசி என் கல்லைத் தட்டிப்போவான் என்று அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. உன் மிஷினை வைக்கவிருந்த தோட்டத்து டிஸ்பென்சரி ஒழுகுகிறதென்று அதை நம் மேல்மாடிக்கு ஏற்றியதும் நான்தான். பூஸ்டருக்கு நேர் கீழே இருந்த அந்த அறையில் அதை முதலில் தலையில் மாட்டியவள், அன்று காலை வாய் லேசாகக் கோணிய உன் அம்மா.

இன்னொன்றையும் மறைக்கமாட்டேன். மிஷின் என்ன சொன்னாலும் ரத்தினபுரிக்குப் போய் ஸ்கேன் எடுக்க வேண்டும், அதுதான் ரூல்ஸ் என்று சுமித்ரா அப்போதே மன்றாடினாள். "என் மக செஞ்ச மிஷின விட உங்க ஸ்கேன் பெரிசா?" என்று அவளை அடக்கினேன். பின்னேரம் வாய் முழுதாகக் கோணிய பிறகுதான் வேன் பிடித்தேன். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நேரம் கடந்துவிட்டது என்று டொக்டர் சிங்களத்தில் சொன்னார். எனக்கு நன்றாகவே விளங்கியது.

'என் மிஷின்தான் அம்மாவைக் கெடுத்தது' என்று நீ பல்கலைக்கழக வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்ததை சுமித்ரா சொன்னாள். சந்தையில் நூறு பேரை எடைபோட்டவன், என் பிள்ளை மூன்று மாதமாக எதைச் சுமக்கிறாள் என்று பார்க்கவில்லை.

நேற்றே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முடங்காத இடது கையால் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். ஒவ்வொரு சொல்லாக, "புள்ளைய… வேலைக்கு… போகச் சொல்லுங்க" என்றாள்.

உன்னை அந்த முருகன் காப்பாற்றட்டும். அம்மா முன்னால் பேசி முடிந்த நிபந்தனை இது: நடந்ததை என் பெயர் போட்டு, கையெழுத்து வைத்து, உன் பேராசிரியருக்கு எழுதிக் கொடுப்பது என் பங்கு. அது இந்த உறைக்குள் இருக்கிறது. ராஜினாமாவைத் திரும்ப வாங்குவது உன் பங்கு.

உன் அப்பா,
நல்லையா