ஏரிக்குப் போகும் வழியில் வைத்த தழை

மதுரை, ஆனி 1983

அன்புள்ள அப்பாவுக்கு, ரங்கன் வணங்கி எழுதுவது. மூட்டுவலி குறைந்ததா? நான் நலம்.

மலைக்காரன் என்பதால், தேக்கடி ஏரிச் சரணாலயத்துக்குச் சுற்றுலா வேன் போகும் வழியை என்னையே திட்டமிடச் சொன்னார் நம் போளூர் முதலாளி. கம்பம், குமுளி வழியாக நேற்று வெள்ளோட்டம். காடு தொடங்குமிடத்தில், நம்மூர் நெல்லிவாசலில் செய்வதுபோல இறங்கி, காட்டுச் சாமிக்கு என்று கல்மேல் தழை வைத்தேன்.

"இன்னாடா பூசை? நேரமாவுது!" என்று வேனிலிருந்து முதலாளி கத்தினார்.

அதற்குள் முன்னாலிருந்த வளைவில் குட்டியோடு ஒரு யானை இறங்கியது. நிற்காமல் போயிருந்தால் நேரே அதன்முன் போயிருப்போம்; எங்களுக்கு ஒன்றுமில்லை.

இன்று குழந்தைகளோடு பயணிகள் வருகிறார்கள். "தழைய மறந்துடாதடா" என்கிறார் முதலாளி. அந்தக் காட்டுச் சாமி யாரென்றே எனக்குத் தெரியாது, அப்பா.

என் பழைய கம்பளியைக் கொடுத்தனுப்புங்கள். ஹாரன் அடிக்கிறார்கள். அம்மாவிடம் யானையைப் பற்றிச் சொல்ல வேண்டாம். தழை வைத்ததை மட்டும் சொல்லுங்கள்.

ரங்கன்