முட்டிச் சில்லு

அன்புள்ள சின்னிக்கு,

இங்கு நானும் உன் அம்மாவும் நலம். நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, முழுக்க உண்மையில்லை. பக்கத்தில் அத்தை இருக்கும்போது போனில் சொல்ல நா எழவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் ஒரு புது வீட்டுக் குளியலறையில் தரைக்கு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தேன். மண்டியிட்டவன் எழப் பார்த்தபோது வலது முட்டிச் சில்லு ஒருபக்கமாக நழுவியது, கால் மடங்கிவிட்டது. ஈரம் காயாத கல்மேலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கார அம்மாவும் அவர் மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். "பார்த்துண்ணா, மெதுவா" என்று அந்தப் பெண் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. என் பேன்ட் முழுக்கப் பசை. நான் உட்கார்ந்த கல்லை மறுநாள் மேஸ்திரி பெயர்த்து ஒட்டினாராம்.

டாக்டர் என்னைப் படுக்கவைத்து, சில்லை லேசாக வெளிப்பக்கம் தள்ளினார். யோசிக்காமல் அவர் கையைத் தட்டிவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். "நீங்க பயந்து தட்டிவிட்டதே பாதி பதில் சொல்லிருச்சு" என்றார். காலை மடக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். சில்லு தன் பள்ளத்தில் ஓடாமல் வெளியே சாய்ந்து ஓடுகிறதாம். அடியிலிருக்கும் குருத்தெலும்பும் தேய்ந்திருக்கிறதாம். இப்போதைக்குக் கத்தி வேண்டாம், தொடைச் சதை பலப்பட்டால் அதுவே சில்லை இழுத்துப் பிடிக்கும் என்றார். ஆனால் மண்டியிடக் கூடாது. மண்டியிடாமல் எந்தத் தரையில் நான் கல் ஒட்டுவது?

தெருவில் கேட்பவர்களிடம் லீவு என்கிறேன். பகலில் கதவைச் சாத்திக்கொண்டு, முட்டிக்கடியில் டவலைச் சுருட்டி வைத்து அழுத்துவேன். காலை நீட்டித் தூக்குவேன். ஒருநாள் தரையிலிருந்து எழ முடியவில்லை. அத்தை கதவைத் தள்ளிக்கொண்டு வந்து கை கொடுத்தார். மாமியார் கையைப் பிடித்து எழும் மாப்பிள்ளையை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? மறுநாளிலிருந்து அவரும் எதிரே நாற்காலி போட்டுக் கால் தூக்குகிறார். "எனக்கும் முட்டி வலிதான் மாப்ளே. வெக்கப்பட்டா வலி போயிருமா?" என்கிறார். என்னைவிட உயரமாகவே தூக்குகிறார்.

அங்கே உன் வேலை ஒப்பந்தம் முடிகிறது, வரட்டுமா, இன்னும் நீட்டிக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். என் சம்பளம் நின்றுபோனதால், இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வா என்று சொல்லத்தான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கே கூனிக் குறுகிப் போனேன். அங்கே வேலை பார்க்கும் வீட்டில் நீ யாரோ ஒரு பெரியவரைத் தூக்கி உட்காரவைக்கிறாய். இங்கே உன் அம்மா என்னைத் தூக்குகிறார்.

நேற்று மேஸ்திரி வந்தார். "சுவர்ல ஒட்டறதுக்கு மண்டி போடணுமா என்ன? கால் தேறினதும் வா. கீழ்வரிசையை வேற ஆள் பார்த்துக்கட்டும்" என்றார். அவர் போனபிறகுதான் உனக்கு எழுதத் தைரியம் வந்தது.

நீட்டிக்க வேண்டாம் சின்னி. வந்துவிடு. விமான நிலையத்தில் கூட்டத்தை முண்டியடித்து முன்னால் நிற்க என்னால் ஆகாது. பின்னால் எங்காவது சுவரில் சாய்ந்துதான் நிற்பேன். காணோமே என்று திகைக்காதே. கொஞ்சம் நீயே தேடி வா.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்னவன்