நான்காம் துண்டின் அம்புக்குறி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் ஏதோ இருக்கிறோம், நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, இப்போது சுவரில் இருக்கிற அழுக்கெல்லாம் தெரிகிறதாம், என்னை ஒரு நிமிடம் உட்கார விடுவதில்லை. எனக்கு மூட்டுவலிதான். எங்கள் மண் மாதிரிக் கிடங்கில் ஏணி ஏறி ஒரு பெட்டியை இறக்கினால் அன்றைய பொழுது அதோடு சரி. ஓய்வு பெற நான்கு மாதம் இருக்கிறது, அது நாற்பது மாதம் மாதிரி இழுக்கிறது.

போனில் சொல்ல வந்து இரண்டு முறை முழுங்கிவிட்டேன், அதனால் எழுதுகிறேன். மூன்று வாரத்துக்கு முன் கிடங்குக் கூரை ஒழுகியது, நீ ஆராய்ச்சி செய்கிற ஏரியின் பெட்டிகளை இடம் மாற்றினேன். ஏரியின் அடியில் குழாய் இறக்கி எடுத்த அந்த மண்ணைக் குழாயோடு வாங்கி, மீட்டர் மீட்டராக அறுத்து, நெடுக்கில் பிளந்து, ஒரு பாதியை உனக்கு அனுப்பி மறுபாதியை இங்கே வைத்தது நான்தானே. மூன்றாம் துண்டின் அடியில் ரம்பம் அறுத்த பாதிச் சிப்பி ஒன்று இருந்தது. மீதிப் பாதி நான்காம் துண்டின் தலையில் இருக்க வேண்டும், காலில் இருந்தது. இரண்டு பாதியையும் சேர்த்துவைத்துப் பார்த்தேன், பொருந்தியது. மேல்முனைக்குச் சிவப்பு மூடி, கீழ்முனைக்குக் கறுப்பு மூடி போட்ட பிறகுதான் குழாயை மேசையில் வைப்பது என் வழக்கம். நான்காம் துண்டை அறுத்த அன்றைக்குச் சிவப்பு மூடி தீர்ந்துவிட்டது, குழாயை அப்படியே வைத்துவிட்டுத் தேடிப் போனேன், திரும்பி வந்து ஞாபகத்தில் இருந்தபடி மேல்முனை இதுதான் என்று அம்புக்குறி போட்டேன். முப்பத்தொரு வருடம் கை பழகின திமிர்.

வெள்ளம் வந்தால் கனத்த மணல் முதலில் படியும், நைசான சேறு அதன்மேல் படியும், உனக்குத் தெரியாததா. நான்காம் துண்டில் மட்டும் சேற்றின்மேல் மணல் இருப்பதைப் பார்த்துவிட்டு, "யாருமே பாக்காத மாதிரி வெள்ளம்ப்பா, மெதுவா ஆரம்பிச்சு பெருசாகி சட்டுனு நின்னிருக்கு" என்று போனில் குதித்தாய். அப்படி ஒரு வெள்ளம் வரவில்லையம்மா. துண்டுதான் தலைகீழ். உன் மூன்று வருட உழைப்பு அது, அடுத்த மாதம் ஆய்வேட்டைக் கொடுக்கப் போகிறாய், எல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன். எங்கள் மேலாளரிடம் சொன்னேன். "யானைக்கும் அடி சறுக்கும், விடுங்க, இதை யாரு பெட்டியைத் திறந்து பாக்கப் போறா, நிம்மதியா வீட்டுக்குப் போங்க" என்றார். எனக்கும் அப்படித் தோன்றாமல் இல்லை, பத்தொன்பது நாள் தோன்றியது. ஆனால் நாளைக்கு இன்னொருவர் அந்தச் சிப்பியைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்டால் உன்னைத்தான் கேட்பார், என்னை அல்ல. சிப்பியின் படங்களையும், தவறு என்னுடையது என்று கையெழுத்துப் போட்ட தாளையும் இத்துடன் வைத்திருக்கிறேன், உன் பேராசிரியரிடம் கொடு.

எங்கே இருந்தாலும் நன்றாக இரு. என்மேல் இருக்கிற கோபத்தில் சாப்பிடாமல் கிடக்காதே, திட்ட வேண்டுமானால் போன் செய், எடுக்கிறேன். நான்காம் துண்டைத் திருப்பி வைத்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடி அள. ஆய்வேட்டின் முதல் பக்கத்தில், "ஒரு குழாயைக்கூட மாற்றி வைக்காத என் அப்பாவுக்கு" என்று எழுதியிருப்பதாக அம்மாவிடம் சொன்னாயாம். அவள் அதைத் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். அந்த வரியை முதலில் அடித்துவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா