மூன்றாம் பிரஸ்ஸின் பியூஸ்

4 மார்ச் 1952, செவ்வாய்

டப்பா அடிக்கிற மூன்றாம் பிரஸ்ஸின் பியூஸ் இன்று நான்கு முறை போயிற்று. மோட்டார் கிழடு, சுமை தாங்கவில்லை. மாற்றுங்கள் என்று போர்மன் ராமதாஸிடம் இரண்டு மாதமாகச் சொல்கிறேன். வெற்றிலையை மென்றபடி தலையாட்டுகிறார். இந்த டின் கம்பெனியில் தலையாட்டுவதற்கே அவருக்குச் சம்பளம் போலிருக்கிறது.

6 மார்ச்

பிரஸ் நின்றால் அதை ஓட்டுகிற எத்திராஜுக்குக் கூலி இல்லை. டப்பாவுக்கு இவ்வளவு என்று வாங்குகிறவன். மத்தியானம் வந்து கெஞ்சினான்.

"மெல்லிசு கம்பி போட்டா பூடுது பாய். நாலு இழையா முறுக்கிப் போடேன். வூட்ல அடுப்பு எரியணும்ல."

கூடாது என்றேன். கோளாறு வந்தால் முதலில் உருக வேண்டியது அந்தச் சின்னக் கம்பி. அது உருகாவிட்டால் மெயின் பிரேக்கர் விழும், கம்பெனியே நிற்கும். இங்கே வயர்மேனாகப் பதினோரு வருஷமாக எல்லோருக்கும் இதைத்தானே ஓதுகிறேன்?

ஓதிவிட்டு, முறுக்கிப் போட்டேன். ராயபுரத்தில் ஒரே சந்தில் வளர்ந்தவன். முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை.

14 மார்ச்

மெயின் விழுந்தது. எல்லா பிரஸ்ஸும் இரண்டு மணி நேரம் நின்றன. மூன்றாம் பிரஸ்தான் காரணம், எனக்குத் தெரியும். ராமதாஸோ மெயின் பிரேக்கர் சொத்தை என்று முடிவு கட்டிவிட்டார். மேனேஜர் கத்திவிட்டுப் போனதும் என்னைக் கூப்பிட்டு, இனி அது சீக்கிரம் விழாதபடி திருகாணியை முறுக்கி வை என்றார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் நாலு இழை போட்டது யார் என்பார். எனக்கும் வேலை போகும், அவனுக்கும் போகும். முறுக்கினேன். இனிச் சின்னதும் உருகாது, பெரியதும் விழாது. தெரிந்தே செய்த கழுதை நான்.

நாளை இழைகளையாவது எடுத்துவிட வேண்டும்.

19 மார்ச்

எடுக்கவில்லை. இந்த வாரம் டப்பா எண்ணிக்கையில் எத்திராஜ்தான் முதல். டீ வாங்கித் தந்தான்.

21 மார்ச்

மோட்டார் எரிந்தது. எதுவும் அணையவில்லை. கேபிள் சிவந்துகொண்டே போயிற்று. எத்திராஜ் ஸ்விட்சை இழுக்க ஓடினான் — ஸ்விட்ச் பெட்டி அவன் முகத்திலேயே வெடித்தது. நான் ஓடிப்போய் மெயினைக் கையால் தள்ளி நிறுத்தியபோது எல்லாம் முடிந்திருந்தது.

இன்னாடா செஞ்ச நீ? ஷாகுல், இன்னா செஞ்ச? என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

23 மார்ச்

இன்று காலை ஆஸ்பத்திரியில் எத்திராஜ் இறந்துவிட்டான்.

2 ஏப்ரல்

விசாரணைக்கு பாக்டரி இன்ஸ்பெக்டர் வந்தார். அதற்கு முன்பே திருகாணியைப் பழைய இடத்துக்குத் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டார் ராமதாஸ். திருப்பினேன். எரிந்த பெட்டியில் நாலு இழையை அவரும் பார்த்துவிட்டார். பிறகு பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "செத்தவன் போட்டான்னு சொல்லு. செத்தவனுக்கு இன்னா நஷ்டம்?"

அவன் பெண்டாட்டி மங்கம்மாவுக்கு நஷ்டம். அவனே செய்த தப்பு என்றால் கம்பெனி அவளுக்குச் சல்லிக்காசு தராது. அதுவும் எனக்குத் தெரியும். எல்லாம் தெரிந்த வயர்மேன் அல்லவா!

இழைகளை முறுக்கியது யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். எத்திராஜ் என்றேன். நாக்கு கூசக்கூட இல்லை.

9 ஜூன்

மங்கம்மா கம்பெனியில் பெருக்குகிற வேலைக்கு வந்திருக்கிறாள். இன்று மூன்றாம் பிரஸ் பக்கம் பெருக்கியவள், ஸ்விட்ச் போர்டுக்கு முன்னால் என்னைப் பார்த்து நின்றாள். துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள்.

"எங்க வூட்டுக்காரரு உன்னக் கேக்காம கைய வச்சிட்டாரு, பாய். உனக்குத்தான் எவ்ளோ பேஜாரு. மனசுல வச்சிக்காத."

பரவாயில்லைம்மா என்றேன்.