மதகடியில் நூற்றுமுப்பது

கும்பகோணம்
17.10.1999, ஞாயிறு

அன்புத் தம்பி குணசேகரனுக்கு மிக்கேல்ராஜ் அண்ணன் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அண்ணி விண்ணரசியும் பிள்ளைகளும் சுகம். உனக்குப் பெண் குழந்தை பிறந்திருப்பதை உன் அக்கா பஸ்ஸில் ஏறியபோது சொன்னார்கள். தாயும் சேயும் நலம்தானே? சிங்கப்பூரில் நீ இப்போது லாரி ஓட்டுகிறாயாம். என் வண்டியில் கண்டக்டராக இருந்தவன் ஸ்டியரிங் பிடித்துவிட்டாய். கேட்டதும் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. சம்பா நடவு நடக்கிறது. எனக்கு இன்னும் அதே கும்பகோணம் - மன்னார்குடி தடம்தான். புதிதாக நிறைய பர்மிட் கொடுத்துவிட்டார்கள். முன்னால் இரண்டு நிமிடத்தில் ஒரு வண்டி, பின்னால் நான்கு நிமிடத்தில் ஒரு வண்டி. சாப்பாட்டுக்கு நிறுத்தினால் பின்னால் வருகிறவன் ஆளை அள்ளிக்கொண்டு போய்விடுகிறான்.

ஆவணியில் அனிட்டா என்று ஒரு பெண் ஷெட்டுக்கு வந்தாள். திருச்சியில் மேற்படிப்பு படிக்கிறாளாம். டிரைவர்களுக்கு வேலையால் வரும் மன அழுத்தத்தை அளக்க வேண்டுமாம். நாற்பது கேள்விகள் அச்சடித்த தாள் ஆளுக்கொன்று கொடுத்தாள். தூக்கம் போதுமா, பசித்தபோது சாப்பிட முடிகிறதா, ஓட்டும்போது கண் அசந்ததுண்டா என்றெல்லாம் இருந்தது. அடிக்கடி, எப்போதாவது, இல்லை என்று பக்கத்தில் மூன்று கட்டம். மேனேஜர் அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் மேலிருந்து கீழ்வரை "இல்லை"யில் டிக் போட்டோம். அவள் தாள்களைப் புரட்டிப் பார்த்து, "இவ்வளவு நிம்மதியாவா ஓட்டுறீங்க எல்லாரும்?" என்று கேட்டாள். மேனேஜர்தான் சிரித்தார்.

பிறகு ஐந்து பேருக்கு மட்டும் ஓட்டும்போது நெஞ்சுத் துடிப்பை அளக்கப்போவதாகச் சொன்னாள். ஆறு வருடமாக வண்டியில் ஒரு கீறல் விழாதவர் என்று மேனேஜர் முதலில் என்னைத்தான் கைகாட்டினார். நெஞ்சில் ஒரு பட்டை, மணிக்கட்டில் கடிகாரம் மாதிரி ஒன்று. அவள் பின்சீட்டில் உட்கார்ந்து, எட்டிப் பார்த்துப் பார்த்து எழுதினாள். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்தான் எகிறும் என்று எதிர்பார்த்தாளாம். அங்கே எண்பத்தைந்துதான். வலங்கைமான் தாண்டி அந்த மதகு வரும்போது நூற்றுமுப்பது. போகும்போதும் வரும்போதும், அளந்த ஐந்து நாளும்.

"அங்க என்ன ஐயா இருக்கு? ரோடு நேராத்தானே போகுது?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். மற்ற நான்கு பேருக்கும் இப்படி ஒவ்வோர் இடம் இருக்கிறதாம். யாருக்கு எங்கே என்று சொல்ல மறுத்துவிட்டாள்.

அங்கே என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். ஆறு வருடத்துக்கு முன், மாற்று டிரைவர் வராமல் நான் இரண்டு நாளாக இறங்காமல் ஓட்டிய அந்த மத்தியானம், இரண்டரை மணிக்கு, என் கண் மூடிவிட்டது. தலையில் நாற்றுக்கட்டோடு ராசம்மாள் இடது ஓரமாக நடந்துபோய்க்கொண்டிருந்தாள். நீ பின்னால் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாய். வக்கீல் சொல்லிக்கொடுத்தபடி, அவளே வந்து விழுந்ததைப் பார்த்தேன் என்று கூண்டில் சத்தியம் செய்தாய். உன் அண்ணி அப்போது நிறைமாசம். நான் கெஞ்சியதால், அவளுக்காகத்தான் சொன்னாய். நான் தலைகுனிந்து நின்றேன்.

தம்பி, அவள் இன்னும் அங்கே நடந்துகொண்டிருக்கிறாள். ஈரச் சேலை, தலையில் நாற்றுக்கட்டு. முகம் திருப்புவதில்லை. நான் வண்டியை வலப்பக்கம் ஒதுக்கிக் கடக்கிறேன். புதுக் கண்டக்டர் ஒருநாள், "யாருமில்லையே அண்ணே, யாருக்கு ஒதுங்குறீங்க?" என்று கேட்டான்.

அனிட்டாவுக்கு மனசு கேட்கவில்லை. ஒருநாள் அவளே அங்கே இறங்கி விசாரித்திருக்கிறாள். பிறகு என்னிடம் வந்து சொன்னாள்: "வீரையன்னு ஒருத்தர் இருக்காருங்க ஐயா. அவர் சம்சாரம் அங்கதான் பஸ்ஸில விழுந்து செத்துப்போனாங்களாம். அன்னைக்குக் காலையில கஞ்சியில உப்பு இல்லன்னு இவர் கைநீட்டிட்டாராம். அதனாலதான் விழுந்துட்டாங்கன்னு ஊரே பேசுது. அவரும் அப்படியே நம்பிக்கிட்டு இருக்காரு."

இது எனக்குத் தெரியாது. நம் பொய் இன்னொருவரை வாழவிடாமல் செய்யும் என்று நான் நினைக்கவே இல்லை.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். வீரையன் வரப்பில் நாற்று முடியை அடுக்கிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர், "அவளா விழலையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். திரும்பவும் அதையே கேட்டார். "ஓரமாத்தான் போனாங்க. நான்தான் தூங்கிட்டேன்" என்றேன். என் கையைப் பிடித்து ரோட்டுக்குக் கூட்டிப்போய் இடத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன். அந்த ஓரத்தில் பத்தடி நடந்துபோய்த் திரும்பி, "இப்படியா?" என்றார். அப்படித்தான் என்று தலையாட்டினேன்.

மதகில் போய் உட்கார்ந்தார். பிறகு, "அந்தக் கண்டக்டர் தம்பி கண்ணால பார்த்தேன்னு சொல்லிச்சே. இப்ப நீங்க வேற சொல்றீங்க. நான் யார் பேச்சை நம்புறது?" என்றார்.

நாளைக் காலை போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொடுக்கப் போகிறேன். மேனேஜரிடம் சாவியை ஒப்படைத்துவிட்டேன். உன் அண்ணி அழுதாள். பிறகு எழுந்துபோய் என் வெள்ளைச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டாள்.

உன் பெயரும் வரும். நான் கெஞ்சியதால்தான் சொன்னாய் என்று எழுதுவேன். ஊருக்கு வா, வராதே என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் வீரையனுக்கு உன் கையெழுத்தில் ஒரு வரி போடு. மதகடி டீக்கடை விலாசம் போட்டால் போய்ச் சேரும். நீ எதையும் பார்க்கவில்லை என்று மட்டும் எழுது. அவர் எழுத்துக்கூட்டிப் படிப்பார், சின்னதாக எழுது.

உன் மகளுக்கு என் ஆசீர்வாதம். லாரியில் கண் சொருகினால் ஓரங்கட்டி நிறுத்திவிடு, தம்பி. யார் திட்டினாலும் நிறுத்திவிடு.

இப்படிக்கு,
உன் அண்ணன்
மிக்கேல்ராஜ்