மச்சினன் கண்ட சூடு

மார்ச் 4, செவ்வாய்

சூட்டை நிறமாகக் காட்டும் புதுத் தெர்மல் கேமரா வந்தது. பெட்டியைப் பிரித்ததே நான்தான். பேட்டரி போட்டு, அலுவலகச் சுவரின்மேல் ஒருமுறை ஓட்டினேன். உள்ளே போகும் வெந்நீர்க் குழாய் ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று தெரிந்தது. என்னிடம் இருக்கும் பழசில் அது மங்கலாக ஒரு கோடு, அவ்வளவுதான். "அருமை சார்" என்றேன். மேனேஜர் சிரித்துக்கொண்டே அதை வாங்கி என் மச்சினன் கையில் கொடுத்தார். "நீங்க அனுபவஸ்தர். உங்களுக்குப் பழசே போதும்."

அனுபவஸ்தர்! கிழவன் என்று சொல்ல இப்படியும் ஒரு வார்த்தை.

இவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது யார்? "என் மனைவியோட தம்பி சார், கெட்டிக்காரன்" என்று இதே வாயால்தானே சிபாரிசு செய்தேன்? வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

மார்ச் 5, புதன்

சாப்பிடும்போது மனைவி, "தம்பிக்குப் புதுக் கேமராவாமே! போன்ல குதிக்கிறான். உங்களுக்கு சந்தோஷமா இல்லையாங்க?" என்றாள். இருக்கிறது என்றேன். வயிறு எரிந்தது. காரம் அதிகம் என்று பழியைச் சமையல்மேல் போட்டுவிட்டு எழுந்தேன்.

மார்ச் 7, வெள்ளி

பிஸ்கட் தொழிற்சாலைக்காரர்கள் தங்கள் எல்லாக் கிளைகளையும் பரிசோதிக்கும் வேலையை எங்களுக்கே கொடுக்கப்போகிறார்கள். அதற்கு ஒரு தலைமைப் பரிசோதகர் வேண்டும். நானா, அவனா? மேனேஜர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவன் நேற்று அங்கே எடுத்து வந்த படத்தை மட்டும் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். பிஸ்கட் சுடும் மின்சார அடுப்புக்குக் கரண்ட் கொடுக்கும் பேனல் பெட்டி. செம்புப் பட்டைகளை இணைக்கும் போல்ட்களில் ஒன்று மட்டும் வெள்ளை வெளேரென்று தகிக்கிறது. தளர்ந்துவிட்டதாம். அடுப்பை நிறுத்தி இறுக்காவிட்டால் ஒருநாள் தீப்பிடிக்குமாம்.

பளபளக்கும் செம்பு வெப்பத்துக்கு முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி. எதிரே இருப்பதன் சூட்டைத் திருப்பிக் காட்டும். தன் தொப்பையின் சூட்டையே பழுது என்று படம்பிடித்து வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பேனல் அறைக் கதவுக்கு நேர் எதிரில்தான் அடுப்பு. "இது போல்ட் சூடா, அடுப்புச் சூடா?" என்று கேட்டேன்.

"நகர்ந்து நின்னும் பார்த்தேன் மாமா. பிரதிபலிப்புன்னா அதுவும் நகருமே, புள்ளி நகரவே இல்ல."

நகர்ந்து பார்த்தாராம் பெரியவர்!

மேனேஜர் முகம் மாறிவிட்டது. அடுப்பை நிறுத்தச் சொல்லி, கடைசியில் ஒன்றுமில்லை என்றால் மானம் போய்விடும். "திங்கக்கிழமை காலைக்குள்ள நீங்களே ஒரு தடவை பார்த்துச் சொல்லிடுங்க" என்றார். என்னிடம்தான் சொன்னார். அனுபவஸ்தரிடம்.

மார்ச் 9, ஞாயிறு

போகும் வழியெல்லாம், அது வெறும் பிரதிபலிப்பாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு போனேன். வார விடுமுறை. காவலாளி கதவைத் திறந்துவிட்டார். அடுப்பு அணைந்து, என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்கும் அளவுக்கு அமைதி. பேனலைத் திறந்து கேமராவைப் பிடித்தேன். அந்தப் போல்ட்டும் மற்றப் போல்ட்களும் ஒரே நிறம். அடுப்பு இல்லை, புள்ளியும் இல்லை! இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

வண்டியில் விசிலடித்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 10, திங்கள்

அது வெறும் அடுப்புச் சூடு என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவன் முகம் சுருங்கியது. ஏதோ கேட்க வாயெடுத்தான். என்னைப் பார்த்துவிட்டு, "சரி மாமா, நீங்க பார்த்தா சரியாத்தான் இருக்கும்" என்று உட்கார்ந்துவிட்டான். சண்டை போட்டிருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 12, புதன்

தலைமைப் பரிசோதகர் நான்தான்!

மாலையில் அவன் கேக் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து கையைப் பிடித்துக் குலுக்கினான். அவனுக்கு நடிக்க வராது. நிஜமாகவே சந்தோஷப்படுகிறான். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் காய்ச்சல் என்று படுத்திருப்பேன்.

மார்ச் 15, சனி

இன்று நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன்.

காலையில் ஒரு வீட்டில் கூரைக் கசிவு பார்க்கப் போயிருந்தேன். கூரை முழுக்க ஓட்டியும் ஒன்றும் தென்படவில்லை. "கசிவே இல்லம்மா" என்றேன். அந்த வீட்டுக்கார அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "ஏம்ப்பா, மழை பெஞ்சாத்தான ஒழுகும்? காஞ்சு கெடக்கறப்ப வந்து பார்த்துட்டு ஒண்ணுமில்லங்கிற!"

சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அடுப்பு ஓடாத நாளில் அந்தப் பேனலில் மின்சாரம் ஏது? மின்சாரம் ஓடாவிட்டால் எந்தப் போல்ட் சுடும்? ஐயோ... இது இந்தத் தொழிலில் பால பாடமாச்சே! எனக்குத் தெரியாதா? அன்னிக்கு மட்டும் எங்க போச்சு அறிவு? தெரிஞ்சுக்க வேண்டாம்னுதானே தெரியாமப் போச்சு? அந்த அறைக்குப் பக்கத்துலதானே பெண்கள் வரிசையா உட்கார்ந்து பிஸ்கட் அடுக்குறாங்க!

தொழிற்சாலைக்குப் போன் செய்தேன். யாரும் எடுக்கவில்லை. கூரையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். வழியில் எங்கே புகை தெரிந்தாலும் அந்தத் தொழிற்சாலைதானோ என்று எட்டிப் பார்த்தேன்.

தொழிற்சாலை வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. அங்கே இருக்கும் எலக்ட்ரீஷியனைப் பிடித்து, "அந்த போல்ட்..." என்றேன். மூச்சு வாங்கியது.

"அதை அப்பவே முறுக்கியாச்சே சார். திங்கக்கிழமையே உங்க மச்சினன் போன் பண்ணிட்டார். 'மாமா பார்த்தது லீவு நாள்ல, லோடு இருந்திருக்காது. எதுக்கும் ஷிஃப்ட் மாறுறப்ப ஒரு தடவை இறுக்கிடுங்க, வெளிய சொல்லிக்க வேண்டாம்'னார். நல்லவேளை. வாஷரெல்லாம் கருகிக் கெடந்துச்சு."

அங்கிருந்த ஒரு சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அழுகை வந்தது.

அது நின்றதும் வந்தது பாருங்கள், பழைய எரிச்சல்! அப்படியென்றால் எல்லாம் தெரிந்துகொண்டேதான் கேக் வாங்கி வந்தானா? தெரிந்துகொண்டேதான் கை குலுக்கினானா? வேலையில் முந்தினான், சரி. நல்லவனாக இருப்பதிலும் என்னை முந்தவேண்டுமா?

மார்ச் 16, ஞாயிறு

நான் சொல்லாவிட்டால் மேனேஜருக்குத் தெரியப்போவதில்லை. அவன் சாகும்வரை சொல்லமாட்டான். அதை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை. அவன் விட்டுக்கொடுத்த நாற்காலியில் நான் எப்படி உட்காருவேன்?

மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "உடம்பு சுடலையே. அப்புறம் ஏன் இப்படி இருக்கீங்க?"

மார்ச் 17, திங்கள்

மேனேஜரிடம் சொல்லிவிட்டேன், எல்லார் முன்னாலும். அன்று எல்லார் முன்னாலும்தானே அவனைக் குட்டினேன். அவன்தான் எழுந்து, "மாமா, இதெல்லாம் எதுக்கு இப்ப?" என்று கெஞ்சினான். உட்காருடா என்றேன்.

மேனேஜர் முடிவை மாற்றிவிட்டார். தலைமைப் பரிசோதகர் இனி அவன். வீட்டில் இந்தச் செய்தியை மட்டும் சொன்னேன். மனைவி, "தம்பிகிட்ட இதை நானே சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?" என்றாள். அவனுக்குத் தெரியும் என்றேன். அவனுக்கு எல்லாமே எனக்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது.

மார்ச் 24, திங்கள்

என் அறிக்கையில் இனி அவன் கையெழுத்து. பேனாவை என்னிடமே கடன் வாங்கினான். பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

குளிர்பதனக் கிடங்குச் சுவரை மச்சினன் படமெடுத்திருந்தான். உள்ளே ஈரம் என்று எழுதி, மேனேஜர் மேசைக்கு அனுப்பக் கட்டி வைத்துவிட்டான். படத்தைப் பார்த்தேன். ஈரமும் படத்தில் குளிர்ச்சியாகத்தான் தெரியும், ஆனால் இது ஈரம் இல்லை. பக்கத்துக் கட்டடத்தின் நிழல் சற்று முன்வரை விழுந்திருந்த இடம், இன்னும் குளிர்ந்திருக்கிறது. அப்பட்டமான தவறு! மேனேஜர் அறைக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே அவர் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். கதவுவரை போனேன்.

திரும்பி வந்து, அவன் காதருகே குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன். "ஐயையோ, தேங்க்ஸ் மாமா" என்று அறிக்கையை உருவிக்கொண்டான். வேறு யாருக்கும் தெரியாது. அந்தக் கதவிலிருந்து திரும்பி நடக்க நான் பட்ட பாடு அவனுக்கும் தெரியாது.