மூன்றாவது திருகு

மார்ச் 4, திங்கள்

இன்று லேபில் ஆசிலேட்டர், மின்னலை உண்டாக்கும் பெட்டி, செத்துப்போனது. டயலை அறுபதுக்கு மேல் திருப்பினால் கரகரவென்று உரசுகிறது, திரையில் அலை காணாமல் போகிறது. கடைசியாகத் தொட்டவள் கலைவாணி, சுண்ணாம்புக்குளத்துப் பெண், இரண்டாம் ஆண்டு. விரிவுரையாளர் ஜேம்ஸ் ஓடி வந்தார். எம்.இ. படித்தவர். தர்பூசணியைத் தட்டுவதுபோல் மூடியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "முறுக்கி ஒடச்சிட்டா." பன்னிரண்டு வருஷமாக இங்கே லேப் டெக்னீஷியன் நான். திறந்து பாருங்கள் மேடம் என்று அவர் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. அவ்வளவு தெரிந்த ஆள் இந்தப் பாலிடெக்னிக்கில் ஏன் இருக்கப் போகிறார்?

மார்ச் 5

ஜேம்ஸ் ரிப்போர்ட் எழுதினார். நான்கு வரியில் மூன்று பிழை. 'மாணவியின் முரட்டுத்தனம்.' சாட்சிக் கையெழுத்து கேட்டார், போட்டேன். அந்தப் பெண்ணும் ஒன்றும் தங்கக்கட்டி இல்லை. இறால் துழாவுகிற வீட்டுக் கை. மெல்லத் தொடத் தெரியாது.

மார்ச் 7

கலைவாணியின் அம்மா வந்தால்தான் பிராக்டிகலுக்கு விடுவேன் என்றாராம் முதல்வர். வந்தாள் காசியம்மாள். ஏரியில் இறங்கிக் கையால் இறால் பிடிப்பவள். சலவைப் புடவை, நகங்களில் மட்டும் சேறு. வாசலில் ஒன்றரை மணி நேரம் நின்றாள். பெஞ்சு காலியாகத்தான் இருந்தது, உட்காரத் தோன்றவில்லை. என்ன ஜனம் இது.

உள்ளே என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். என்ன நடந்தது என்று கேட்காமலே கும்பிட்டாள். "கொயந்த தெரியாம செஞ்சிட்சு சார்." கலைவாணி மட்டும், "நான் முறுக்கல சார், சும்மா திருப்புனேன்" என்றாள். எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினார்கள்.

மார்ச் 9, சனி

பிள்ளைகள் இல்லாத நாள். பெட்டியைத் திறந்தேன்.

டயலைத் திருப்பும்போது கேங் கண்டென்சரின் ஒரு தகட்டு அடுக்கு இன்னொன்றுக்குள் தொடாமல் நுழைந்து வரும். அதிர்வெண்ணை மாற்றுவதே அதுதான். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. தகடோடு தகடு உரசி, ஓரமெல்லாம் வளைந்து. முறுக்கிய அடையாளம் ஒன்றுகூட இல்லை. மூன்று திருகில் நிற்க வேண்டியது, இரண்டுதான் இருந்தன. மூன்றாவதின் இடத்தில் மஞ்சளாகிப் பிளந்துபோன பசை.

பசை வைத்தது யார்?

நான். கொரோனாவுக்கு அடுத்த வருஷம். திருகு உருண்டு போச்சு, தேட சோம்பல். நாளைக்குப் போட்டுக்கலாம்னு... மூணு வருஷம்! இன்னா பொம்பள நீ ஃபர்ஹத்? அந்தம்மா வாசல்ல நின்னுச்சே, பாத்துக்கினுதானே இருந்தே?

மார்ச் 10

சென்னைக்குப் போய் ரிச்சி தெருவில் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்த ஏழு எலக்ட்ரானிக்ஸ் கடை ஏறி இறங்கி அதே அளவுள்ள கண்டென்சர் ஒன்று வாங்கினேன். வீட்டில் முகைதீனிடம் சொன்னேன். "மாத்திட்டு வாய மூடிக்கினு இரு. ஒரு கண்டென்சருக்காக வேலைய வுடப் போறியா?" என்றார். என் புருஷன். துறைமுகத்து கேட்டில் காவல் நின்று நின்று, எதற்கும் கதவைச் சாத்தப் பழகிவிட்டார்.

மார்ச் 12, செவ்வாய்

முதல் நோன்பு. பழையதைக் கழற்றினேன். புதியதின் தண்டு கால் அங்குலம் நீளம்; அறுத்து அரம் போட்டேன். மூன்று திருகு, மூன்றுக்கும் வாஷர். ஈயப் புகையில் நாக்கு வறண்டது. டயல் ஒன்று சொன்னது, அதிர்வெண்ணை அளக்கும் கவுண்டர் வேறொன்று காட்டியது. ட்ரிம்மர் என்கிற குட்டித் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி இரண்டையும் ஒத்துப்போக வைக்க மூன்று மணி நேரம்.

ஜேம்ஸ் எட்டிப் பார்த்தார். பசையைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். "ஓடுதில்ல, விடுங்க மேடம். ரிப்போர்ட்ட யாரு தோண்டப் போறா?"

இவரும் என் புருஷனும் ஒரே வார்ப்பு. போன வெள்ளிக்கிழமைவரை நானும்தான்.

மார்ச் 13

பழைய கண்டென்சரை முதல்வர் மேசையில் வைத்துச் சொன்னேன். அவர் அதைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். கலைவாணியின் கடிதத்தைக் கிழித்தார். எனக்கு மெமோ. லேப் சாவி ஜேம்ஸிடம் போனது. நாளையிலிருந்து நான் ஸ்டோர் ரூமில் நாற்காலி எண்ண வேண்டும்.

மார்ச் 14

கலைவாணியிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். "எங்கம்மாவ நிக்க வெச்சதுக்கு இன்னா மேடம் பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மார்ச் 24, ஞாயிறு

பத்து நாள் எனக்கு நானே சாக்கு சொல்லிப் பார்த்தேன். இன்று சுண்ணாம்புக்குளம் போனேன். காசியம்மாள் ஏரியில் கழுத்தளவு நீரில் இருந்தாள். கரையில் நின்றேன். வெயில். அவள் ஏறிவர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

"ஒங்க பொண்ணு ஒடைக்கல. தப்பு என்னுது."

புடவையைப் பிழிந்துகொண்டே கேட்டாள். "இத்த அந்த பெரிய சார்கிட்ட சொன்னியா?"

"சொல்லிட்டேன்."

"அப்ப சரி."

இறால் பறிக்கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். உட்காரச் சொல்லவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் லேசாகத் திரும்பியிருப்பேன். அதைத் தெரிந்தேதான் திட்டாமல் விட்டாள் என்று தோன்றுகிறது.

ஏப்ரல் 4

இன்று பிராக்டிகல் பரீட்சை. கலைவாணிக்குச் சீட்டில் ஆசிலேட்டர் விழுந்திருந்தது. உள்ளே போக எனக்கு அனுமதி இல்லை, ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உள்ளங்கையைத் துப்பட்டாவில் இரண்டு தரம் துடைத்தாள். பிறகு இரண்டே விரலால், கொதிக்கிற பாத்திரத்தைத் தொடுவதுபோல் குமிழைத் தொட்டு, கொஞ்சம் திருப்பி, கையை எடுத்துவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தாள்.

அலை சரியாகத்தான் வந்தது.